ஆறாத புண்ணும் உள்ளங்கால் கறுப்பும்

கறுத்த தோலுக்குப் புற்றுநோய் வராது, அது வெள்ளைக்காரர்களின் நோய் என்ற நம்பிக்கை ஆந்திராவின் நகரி, புத்தூர், சத்தியவேடு, குப்பம் பக்கத்துப் படித்தவர்களிடமும் உண்டு. அதில் பாதிதான் உண்மை. தோலின் கறுப்பு நிறமி, வெயிலால் வரும் புற்றிலிருந்து நம்மைப் பெருமளவு காக்கிறது. ஆனால் நம் நாட்டில் தோல் புற்றுநோய் வெயில் படாத இடங்களையும் பிடிக்கிறது: உள்ளங்கால், நகத்தடி, பழைய தீக்காயத் தழும்பு, வருடக்கணக்கில் ஆறாத கால் புண். புடவையோ வேட்டியோ இறுக்கிக் கட்டிய இடுப்புத் தடத்தில் வந்த புற்றும் நம் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கிறது.

உள்ளங்காலில் கறுப்பாக வரும் புற்று மெலனோமா என்னும் வகையைச் சேர்ந்தது. பெரும்பாலும் வலிக்காது. கால் ஆணி என்று நினைத்துப் பிளேடால் சீவுவார்கள், எருக்கம்பால் வைப்பார்கள். தொடையிடுக்கில் நெறி கட்டிய பிறகு ஆஸ்பத்திரிக்குப் போனால், நோய் அதற்குள் நிணநீர்க் கணுவை எட்டியிருக்கக்கூடும். அரசு நடத்தும் புற்றுநோய் முகாம்களில் வாய், மார்பகம், கருப்பை வாய் ஆகிய மூன்றையும்தான் முக்கியமாகப் பார்க்கிறார்கள். காலைத் திருப்பிப் பார்ப்பது நம் வேலையாகவே இருக்கிறது. ஓரம் ஒழுங்கில்லாமல் பரவும் கறுப்பு, நகத்தில் அகலமாகிக்கொண்டே போகும் கருங்கோடு, விளிம்பு தடித்து ரத்தம் கசியும் புண், இவற்றில் எது இருந்தாலும் சதை எடுத்து டெஸ்ட் செய்யச் சொல்லிக் கேளுங்கள். சதை எடுத்தால் நோய் பரவிவிடும் என்ற பயத்தில் நாள் கடத்துவதுதான் ஆபத்து.

புண் ஏன் புற்றாகிறது? தோல் கிழிந்ததும் ரத்தத்திலிருந்து நோய் எதிர்ப்புச் செல்கள் அங்கே ஓடிவருகின்றன. மேக்ரோஃபேஜ் என்னும் பெருவிழுங்கிச் செல்கள் கிருமியையும் செத்த சதையையும் விழுங்குகின்றன. அதோடு, புதுச் செல்கள் வளரட்டும், புது ரத்தக் குழாய்கள் முளைக்கட்டும் என்று வேதிச் சமிக்ஞைகளை அனுப்புகின்றன. புண் ஆறியதும் அந்தச் சமிக்ஞை நின்றுவிட வேண்டும். ஆறாத புண்ணில் அது நிற்பதில்லை. ஆண்டுக்கணக்கில் 'வளர், வளர்' என்ற தூண்டுதல் கிடைத்துக்கொண்டே இருந்தால், மரபணு பழுதான ஒரு செல்லும் அதே தூண்டுதலில் பெருகிவிடும். தீக்காயத் தழும்பில் இது நடக்கப் பெரும்பாலும் இருபது முப்பது ஆண்டுகள் ஆகும். தழும்புச் சதையில் ரத்த ஓட்டமும் நிணநீர்ப் பாதையும் சிதைந்திருப்பதால், புற்றை அழிக்கக்கூடிய டி செல்கள் அங்கே சரியாக வந்து சேர்வதில்லை என்றும் மருத்துவர்கள் கருதுகிறார்கள். புற்றுக்கட்டிக்குள் வெள்ளணுக்கள் இருப்பதை 1863லேயே ருடால்ஃப் விர்கோ கவனித்தார். கட்டி என்பது ஆறாத புண்ணைப் போன்றது என்று 1986இல் எழுதினார் ஹரால்ட் ட்வோராக்.

டி செல்கள் வந்து சேர்ந்தாலும் புற்று சும்மா இருப்பதில்லை. டி செல்லின் மேல் பி.டி.-1 என்ற பிரேக் இருக்கிறது. நம் உடம்பையே டி செல் தாக்கிவிடாமல் இருக்க இயற்கை வைத்த ஏற்பாடு அது. புற்றுச் செல் தன்மேல் ஒரு புரதத்தை வளர்த்து அந்தப் பிரேக்கை அழுத்திவிடுகிறது. பக்கத்தில் நின்றும் டி செல் செயலற்றுப் போகிறது. இதுபோன்ற பிரேக்குகளை விடுவிக்கும் வழியைக் கண்ட ஜேம்ஸ் ஆலிசனுக்கும் தசுக்கு ஹோன்ஜோவுக்கும் 2018இல் நோபல் கிடைத்தது. முற்றிய மெலனோமா நோயாளிகள் சிலர் பல ஆண்டுகள் வாழ்வது பிரேக்கை விடுவிக்கும் மருந்துகளால்தான். ஆனால் உள்ளங்கால் மெலனோமாவில் இவை, வெயிலால் வரும் மெலனோமாவில் கேட்கும் அளவுக்குக் கேட்பதில்லை. ஆரம்பத்திலேயே அறுவை செய்து எடுத்துவிடுவதுதான் நமக்குப் பெரிய நம்பிக்கை.

இந்த மருந்துகளின் விலையும் பெரும் தடை. அதில் ஒரு நல்ல செய்தி மும்பை டாடா நினைவு மருத்துவமனையிலிருந்து வந்தது. தலை, கழுத்துப் புற்று முற்றியவர்களுக்கு வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக, 20 மில்லிகிராம் நிவோலுமாப் என்னும் பிரேக் விடுவிக்கும் மருந்தை மாத்திரைகளோடு சேர்த்துக் கொடுத்தார்கள். ஓராண்டைத் தாண்டி உயிரோடிருந்தவர்கள் 16 சதவீதத்திலிருந்து 43 சதவீதமானார்கள். அந்த ஆய்வு தோல் புற்றில் நடந்ததல்ல. ஆனாலும் குறைந்த அளவு உங்கள் நோய்க்குப் பொருந்துமா என்று டாக்டரிடம் கேட்பதில் தவறே இல்லை.

பிரேக்கை விடுவித்தால் டி செல்கள் குடல், நுரையீரல், கல்லீரல், தைராய்டு என எதையும் தாக்கலாம். இந்த ஊசி போட்டவருக்கு வயிற்றுப்போக்கோ மூச்சுத்திணறலோ வந்தால் மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கிச் சமாளிக்காதீர்கள். ஊசி போட்ட ஆஸ்பத்திரிக்கு அன்றே தெரிவியுங்கள். சிறுநீரக மாற்று செய்துகொண்டவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை: எதிர்ப்பை அடக்கும் மாத்திரைகள் தோல் புற்று ஆபத்தைக் கூட்டும். அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். ஒவ்வொரு முறை போகும்போதும் தோலையும் பார்க்கச் சொல்லுங்கள்.

'எதிர்ப்புச் சக்தியைக் கூட்டிப் புற்றைக் குணமாக்குகிறோம்' என்று விளம்பரம் செய்பவர்களை நம்பி நிலத்தை அடகு வைத்தவர்களை நினைத்தால் மனம் கொதிக்கிறது. எதிர்ப்புச் செல்களைக் கண்டபடி தூண்டினால் புற்று கரையாது. அவற்றில் சில புற்றுக்கே துணை போவதை மேலே பார்த்தோம். புற்றுநோயைக் குணப்படுத்துவதாக மருந்து விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டின் மாய மருந்து விளம்பரத் தடைச் சட்டம் தடுக்கிறது. விளம்பரத்தின் படத்தோடு மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம்.

திருப்பதியில் ஸ்விம்ஸ், ரூயா ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன. அலிபிரி அருகே டாடா அறக்கட்டளையின் புற்றுநோய் மருத்துவமனை 2022 மே மாதம் திறக்கப்பட்டது. 2007இல் ஆரோக்கியஸ்ரீயாகத் தொடங்கிய ஆந்திர அரசின் இலவசச் சிகிச்சைத் திட்டம் இப்போது என்.டி.ஆர். வைத்திய சேவை. சித்தூர்க்காரர்களில் பலர் வேலூருக்குப் போகிறார்கள். மாநில எல்லையைத் தாண்டினால் எந்த ஆஸ்பத்திரியில், எந்தச் சிகிச்சைக்கு அந்தத் திட்ட அட்டை செல்லும் என்பதை அங்கே சேர்வதற்கு முன்பே 104இல் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

தெலுங்கிலோ ஆங்கிலத்திலோ நீட்டும் ஒப்புதல் படிவத்தில் தமிழ்க் குடும்பங்கள் படிக்காமலே கையெழுத்திடுவதைப் பார்க்கிறோம். புரிகிற மொழியில் விளக்கம் கேட்பது நோயாளியின் உரிமை. வேறொரு டாக்டரிடம் கருத்துக் கேட்பதும் உரிமைதான். மருத்துவப் பதிவேட்டைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்கின்றன 2002ஆம் ஆண்டின் மருத்துவக் கவுன்சில் விதிகள். அறிக்கையோடு சதைப் பரிசோதனையின் ஸ்லைடையும் பிளாக்கையும் கேட்டு வாங்குங்கள், அடுத்த ஊரில் மறுபடி சதை எடுக்க வேண்டி வராது. கட்டணம் வாங்கிய ஆஸ்பத்திரி கவனக்குறைவாக நடந்தால் இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். சிகிச்சைக்கு ரயிலில் போகும் புற்றுநோயாளிக்கும் உடன் போகும் ஒருவருக்கும் கட்டணச் சலுகை உண்டு. அதற்கான சான்றிதழை ஆஸ்பத்திரியில் கேட்டு வாங்கி, டிக்கெட் எடுக்கும்போது கவுண்டரில் காட்டுங்கள்.