சோளத்தட்டைக் குதிரை

நுழையும்முன்
பள்ளி செல்லும் முன்பே ஒவ்வொரு குழந்தையும் நடிக்கக் கற்றுவிடுகிறது. அந்த நடிப்பைப் பெரியோர் வளர்ப்பதும் குலைப்பதும் எவ்வாறு என்பதைக் கரிசல் நிலப் பின்னணியில் எடுத்துரைக்கிறது இப்பாடம்.

கோவில்பட்டியைச் சூழ்ந்த கரிசல்காடு வானம் பார்த்த பூமி. கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும் அம்மண், ஐப்பசி மழையில் காலைப் பற்றி இழுக்கும். அறுவடை முடிந்த புஞ்சையில் கிடக்கும் சோளத்தட்டையைக் கால்களுக்கிடையே வைத்துக்கொண்டு நான்கு வயதுச் சிறுவன் ஓடினால் அது குதிரை. வெறும் தீப்பெட்டிகளை நூலில் கோத்து இழுத்தால் தொடர்வண்டி. சிரட்டையில் ஈரமண்ணை அமுக்கிக் கவிழ்த்தால் இட்டலி. 'இது மண்தானே?' என்று கேட்டால் குழந்தை சிரிக்கும். மண் என்பது அதற்குத் தெரியும். தெரிந்தேதான் இட்டலி என்கிறது.

உருசிய உளவியல் அறிஞர் வைகாட்ஸ்கி (1896–1934) குச்சிக் குதிரையைக் கூர்ந்து நோக்கியவர். குதிரை என்னும் கருத்தை உண்மைக் குதிரையிலிருந்து பிரித்தெடுக்கக் குழந்தைக்கு ஒரு பிடிமானம் தேவை. குச்சியே அப்பிடிமானம் என்றார். அஞ்சலட்டை குதிரையாகாது, ஏறி ஓட இடம் தருவதே குதிரையாகும். ஒன்றை மற்றொன்றின் அடையாளமாகக் கொள்ளும் இத்திறனே பின்னர் எழுத்தைக் கற்கவும் துணைநிற்கிறது. மேலும், தாயாக ஆடும் சிறுமி தாயைப்போலவே நடந்தாக வேண்டும். தன் விருப்பத்தை அடக்கும் பழக்கம் எவர் அதட்டலும் இன்றி அவளிடம் அமைகிறது.

தமிழர் இதனை முன்பே அறிந்திருந்தனர். மணலில் சிற்றில் இழைத்துச் சிறுசோறு சமைக்கும் சிறுமியரைச் சங்கப் பாடல்கள் காட்டுகின்றன. ஆண்பாற் பிள்ளைத்தமிழின் சிற்றில் பருவமோ, அவ்வீட்டைக் காலால் அழிக்க வேண்டா எனச் சிறுமியர் வேண்டுவதாகவே அமைந்தது.

சிற்றிலைச் சிதைத்தவை பிஞ்சுக் கால்கள் மட்டுமல்ல. தீப்பெட்டித் தொழில் செழித்த இவ்வட்டாரத்தில், விளையாட வேண்டிய வயதில் குச்சி அடுக்கிய சிறுவர் பலர். 1986ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம் அத்தொழிலில் குழந்தைகளை அமர்த்துவதைத் தடைசெய்தது. 1975இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டத்தின் அங்கன்வாடிகள், உணவோடு முன்பருவக் கல்வியையும் ஊர்தோறும் கொணர்ந்தன.

மேடையும் விளையாட்டும்

இன்றைய இடையூறு வேறுவகை. எட்டயபுரம் அருகிருப்பதாலோ என்னவோ, இப்பகுதி ஆண்டுவிழாக்களில் பாரதியார்களுக்குப் பஞ்சமில்லை. முண்டாசும் மையால் வரைந்த மீசையுமாக மேடையேற்றப்படும் மூன்று வயதுப் பாரதி, ஒலிவாங்கியைக் கண்டதும் அழுதுவிடுகிறார். குற்றம் குழந்தையுடையதன்று. அவ்வயதினர் தமக்காக ஆடுவர், காண்போருக்காக ஆடுவதில்லை. இதே மாவட்டத்துக் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்த சங்கரதாசு சுவாமிகள், 1918இல் மதுரையில் பாலர் சபை அமைத்து, சிறுவர்களுக்கு நெடிய உரையாடல்களையும் பாடல்களையும் மனப்பாடமாகப் பயிற்றினார். தொழில்முறை நாடகத்திற்கு அது தகும், மழலையர்க்குத் தகாது.

மழலையர்க்கு நாடகத்தை அறிமுகம் செய்பவர், அவர்கள் ஆட்டத்தினுள் தாமும் ஒருவராய் நுழைதல் வேண்டும். "என்ன செய்கிறாய்?" என்பதைவிட, "கடைக்காரரே, ஒரு படி கம்பு என்ன விலை?" என்று கேட்பது நன்று. பழைய துண்டு, ஓலைக்கொட்டான், கிழிந்த குடை ஆகியவை போதும். வடை சுட்ட பாட்டி கதையில் மூன்று நரிகள் வந்தாலும் பிழையில்லை. ஒதுங்கி நின்று பார்க்கும் குழந்தையை இழுத்துவிடுதல் கூடாது, பார்ப்பதும் பங்கேற்பே.

ஓர் அங்கன்வாடியைக் கருதுவோம். வரிசையாகப் பாய்களை விரித்தால் பேருந்து. ஒருவன் தட்டைத் திருப்பி ஓட்டுகிறான். இன்னொருத்தி பயணச்சீட்டு கிழிக்கிறாள். சுவரோரம் நிற்கும் சிறுமியிடம் ஆசிரியர், "அம்மா, இந்தப் பையைச் சற்றுப் பிடித்துக்கொள்கிறீர்களா? பேருந்தில் கூட்டம்" என்கிறார். அவள் பேசாமல் வாங்கிக்கொண்டு பாயில் அமர்கிறாள். மறுநாள் பேருந்து புறப்படும்போது வாசலில் நின்று, "சாத்தூர், விருதுநகர், மதுரை!" என்று கூவுபவள் அவளே.