பேரிங் வண்டி எங்கே நின்னுபோச்சு?

சங்ககிரி, நாமக்கல் பக்கம் லாரிப் பட்டறைகளைச் சுத்தி வளர்ந்தவங்களுக்கு பேரிங் வண்டியைத் தெரியாம இருக்காது. பட்டறையில கழிச்சுப் போட்ட பேரிங் மூணோ நாலோ, ஒரு பலகை, ரெண்டு கட்டை. ஒருத்தன் உட்காருவான், இன்னொருத்தன் தள்ளுவான். 1950கள்ல கலிஃபோர்னியா பசங்க செஞ்சதும் கிட்டத்தட்ட இதேதான். ரோலர் ஸ்கேட்டைக் கழட்டி, சக்கரத்தைப் பலகைக்கு அடியில வெச்சு அடிச்சாங்க. அது ஸ்கேட்போர்டாகி, 2021ல நடந்த டோக்கியோ ஒலிம்பிக்ஸ் வரைக்கும் போயிருச்சு. நம்ம வண்டி தெருவோட நின்னுபோச்சு. காரணம் மூணு: அச்சு, சக்கரம், தரை.

முதல்ல அச்சு. பேரிங் வண்டியைத் திருப்பணும்னா முன்கட்டையைக் காலால உதைக்கணும், இல்லைன்னா கயித்தை இழுக்கணும். ஸ்கேட்போர்டுல அச்சு சாய்வான ஒரு மூட்டுல, ரப்பர் மாதிரியான வளையங்களுக்கு நடுவுல உட்கார்ந்திருக்கும். உடம்பைச் சாய்ச்சா அச்சும் திரும்பும். அதனாலதான் நின்னுக்கிட்டே, கை படாம ஓட்ட முடியுது.

அடுத்தது சக்கரம். பேரிங் வண்டியில பேரிங்கே சக்கரம். இரும்பு ரோட்டைப் பிடிக்காது, வழுக்கும். அமெரிக்காவுலயும் 1960கள்ல களிமண் கலவைச் சக்கரம்தான். சின்னக் கல் தட்டினாலே ஆள் பறந்துருவான். 1970களின் தொடக்கத்துல ஃபிராங்க் நாஸ்வொர்த்தி, ரோலர் ஸ்கேட்டுக்காகச் செஞ்ச பாலியூரித்தேன் சக்கரத்தைப் பலகையில மாட்டிப் பாத்தார். அது ரோட்டைப் பிடிச்சது, அதிர்வையும் வாங்கிக்கிச்சு. பேரிங் அதுக்குள்ள போயிருச்சு. இன்னைக்கும் அதே அமைப்புதான். உள்ள இருக்கிறது 608 ரகம், வெளிவிட்டம் 22 மில்லிமீட்டர்.

மூணாவது தரை. 1976-77ல கலிஃபோர்னியாவுல கடும் வறட்சி. வீட்டு நீச்சல் குளங்கள் காலியாச்சு. அந்தக் குளங்கள்ல தரையும் சுவரும் வளைவாச் சேரும். பசங்க உள்ள இறங்கி சுவர் மேல ஏறி ஓட்டினாங்க. வறட்சி நமக்கும் புதுசு இல்லை. ஆனா நம்ம கிணத்துச் சுவர் நேரா இறங்குது, ரோட்டுல ஜல்லி துருத்திக்கிட்டு நிக்குது. ஐந்தாறு சென்டிமீட்டர் சக்கரத்துக்கு அந்த ஜல்லியே மலை.

தமிழ்நாட்டுல ஸ்கேட்போர்டு கடற்கரை வழியாத்தான் வந்துச்சு. அலைச்சறுக்குக்காக வந்தவங்க பலகையையும் கொண்டுவந்தாங்க. மாமல்லபுரத்துல சின்னப் பொண்ணு கமலி மூர்த்தி வெறுங்காலோட, வெள்ளை கவுன்ல சறுக்குமேடையில இறங்குற படத்தை டோனி ஹாக் பகிர்ந்ததும் உலகமே பாத்துச்சு. கமலியையும் அவங்க அம்மாவையும் பத்தின 'கமலி' குறும்படம் 2020ல பாஃப்டா பரிந்துரைக்குப் போச்சு.

கடல் இல்லாத ஊர்லயும் இது நடந்திருக்கு. மத்தியப் பிரதேசத்துல பன்னா மாவட்டத்து ஜன்வார் கிராமத்துல, ஜெர்மனியைச் சேர்ந்த உல்ரிகே ரைன்ஹார்ட் 2015ல ஒரு ஸ்கேட் பூங்கா கட்டினாங்க. விதி ரெண்டே: பள்ளிக்கூடம் போகாதவங்களுக்குப் பலகை கிடையாது, பொண்ணுங்களுக்கு முதல் இடம். அங்க பழகின ஆதிவாசிப் பொண்ணு ஆஷா கோண்டு 2018ல சீனாவின் நான்ஜிங்ல நடந்த உலகப் போட்டிக்கே போனாங்க. அச்சும் சக்கரமும் கடையில கிடைக்கும். தரையை மட்டும் யாராவது பெரியவங்கதான் மனசு வெச்சுக் கொடுக்கணும். ஜன்வார் கதையில எனக்குப் பட்டது இதுதான்.

அதுக்குப் பெரிய பூங்காகூட வேண்டாம். கையால தொடாம பலகையோட எகிறுற 'ஆலி' வித்தையை, 1980களின் தொடக்கத்துல ராட்னி மல்லன் சமதரையிலேயே செஞ்சு காட்டினார். இன்னைய தெரு ஸ்கேட்டிங்குக்கு அடிப்படையே அதுதான். நம்ம கிராமங்கள்ல சோளமும் நெல்லும் காயவைக்கிற சிமெண்ட் களம் இருக்கு. அறுவடை முடிஞ்சா பல மாசம் சும்மாத்தான் கிடக்குது. சாயங்காலம் ரெண்டு மணி நேரம் பசங்களுக்கு, முக்கியமாப் பொண்ணுங்களுக்கு, அதை விட்டுக்கொடுத்தா என்ன?