துளை பொருந்தினால் போதுமா?

நம் ஜுரு பள்ளியில், புதிய மடிக்கணினியைப் பழைய திரையோடு இணைக்க மலிவான அடாப்டர் ஒன்றை வாங்கினோம். துளை பொருந்தியது, படமோ தோன்றவில்லை. காரணம் யாது?

பழைய திரையிலுள்ள வீ.ஜி.ஏ. இணைப்பு, 1987ஆம் ஆண்டு ஐ.பி.எம். நிறுவனம் அறிமுகப்படுத்தியது, 15 முனைகளுடையது. அதில் படம் ஏறியிறங்கும் மின்னலையாகச் செல்லும். மடிக்கணினியின் எச்.டி.எம்.ஐ. இணைப்போ 2002இல் வகுக்கப்பட்டது, 19 முனைகளுடையது. அதில் படம் 0, 1 என்னும் எண்களாகச் செல்லும். தமிழறியாதாரிடம் தமிழில் பேச மொழிபெயர்ப்பாளர் வேண்டுமன்றோ? அதுபோல, உள்ளே மாற்றும் மின்சுற்று அமைந்த அடாப்டரே இங்குப் பயன்படும். அதுவும் ஒரு திசையில் மட்டுமே மாற்றும். எதிலிருந்து எதற்கு என்று சொல்லிக் கேட்டு வாங்குக.

பழைய திரையை வீசற்க. தக்க அடாப்டர் கிட்டின், உழைத்துச் சேர்த்த பணம் மிஞ்சும். பிள்ளையின் கல்வியும் தடையின்றித் தொடரும்.