பத்துக் கிலோ பெட்டிக்குள் அரை மில்லிமீட்டர்! உங்களுக்குத் தெரியுமா?

ஒரே ஒரு விளையாட்டுப் பெட்டி. எடை சுமார் 10 கிலோ! பெயர் குளூம்ஹேவன். அமெரிக்கர் ஐசக் சில்ட்ரெஸ் உருவாக்கி, 2017-ல் கடைக்கு வந்த போர்டு கேம்!

உள்ளே என்னென்ன இருக்கிறது தெரியுமா? 17 நாயகர்கள். 47 வகை அரக்கர்கள். 95 சாகசங்கள். இரு பக்கமும் அச்சிட்ட 30 வரைபட அட்டைகள். கார்டுகள் மட்டும் 1,500-க்கும் மேல்!

உலகம் முழுக்க போர்டு கேம் பிரியர்கள் பார்ப்பது போர்டுகேம்கீக் தரவரிசை. அதில் 2017 கடைசியில் முதலிடத்தில் ஏறி உட்கார்ந்தது குளூம்ஹேவன். ‘பிராஸ்: பர்மிங்ஹாம்’ என்ற இன்னொரு போர்டு கேம் வந்து அதை இறக்கியபோது ஆண்டு 2023!

இதன் தம்பி ஃப்ராஸ்ட்ஹேவன். 2020-ல் கிக்ஸ்டார்ட்டர் இணையதளத்தில் முன்பணம் கேட்டார்கள். 83,000 பேருக்கு மேல் கொட்டிக் கொடுத்தார்கள். வசூல் 1 கோடியே 29 லட்சம் டாலர்!

சரி, குளூம்ஹேவனின் இத்தனை சாமானையும் எப்படி அடுக்குவது? வேண்டிய அரக்கனைத் தேடி, வில்லைகளைப் பொறுக்கி, கார்டுகளைப் பிரித்து... ஆட்டம் தொடங்கவே அரை மணி நேரம் போய்விடும்! ரசிகர்கள் முதலில் எங்கே ஓடினார்கள் தெரியுமா? மீன்பிடி சாமான் கடைக்கு! தூண்டில் முள்ளும் ஈயக்குண்டும் போட்டு வைக்கும் பிளேனோ கம்பெனிப் பெட்டிகள்தான் பல வீடுகளில் அரக்கர்களின் முதல் இருப்பிடம்!

இன்று அறை அறையாக ட்ரே அச்சிட்டு அந்த வேலையை 3டி பிரிண்டர் செய்கிறது. பிளாஸ்டிக் இழையை உருக்கி அடுக்கடுக்காக அச்சிடும் இந்த நுட்பம் பிறந்த கதை தெரியுமா? ஸ்காட் கிரம்ப் என்ற அமெரிக்கப் பொறியாளர், தன் மகளுக்காகப் பசைத் துப்பாக்கியில் ஒரு பொம்மைத் தவளை செய்து பார்த்தார். 1989-ல் காப்புரிமைக்கு விண்ணப்பம் போட்டார். அது 2009-ல் காலாவதியானது. அதன்பிறகு இயந்திரத்தின் விலை சரிந்த வேகம் இருக்கிறதே, அப்பப்பா!

பிரிண்டருக்குள் போகும் இழையின் தடிமன் 1.75 மி.மீ. மூலப்பொருள்? மக்காச்சோளமும் கரும்பும்! பி.எல்.ஏ. எனப்படும் இந்தப் பிளாஸ்டிக் ஒரு கிலோ உருளையாக வரும். பிரித்து நீட்டினால் 330 மீட்டர் ஓடும்!

குளூம்ஹேவன் பெட்டியின் நீளம் சுமார் 40 செ.மீ. வீட்டில் பரவலாக இருக்கும் எண்டர்-3 பிரிண்டரின் மேடையோ 22 செ.மீ.தான்! அதனால் பெட்டியை நிரப்பும் ட்ரேயை ஒரே துண்டாக அச்சிடவே முடியாது. துண்டு துண்டாகப் போட்டுத்தான் அடுக்க வேண்டும். அதுவே வசதியாகிவிட்டது! ஆட்டத்துக்கு வேண்டிய ட்ரேயை மட்டும் அப்படியே தூக்கி மேசையில் வைத்துவிடலாம்!

ஒரு அடுக்கின் உயரம் 0.2 மி.மீ. வெறும் 4 செ.மீ. உயர ட்ரேக்கே 200 அடுக்கு!

பிளாஸ்டிக் வழியும் முனையின் துளை 0.4 மி.மீ. நல்ல டிசைனர் சுவரின் கனத்தை இதன் மடங்கிலேயே வைப்பார். 0.8, 1.2, 1.6... வரிசையாக 12 அறை என்றால் 13 சுவர். ஒவ்வொன்றையும் 1.6-லிருந்து 1.2-க்கு இறக்கினால் 5.2 மி.மீ. இடம் மிச்சம்! 17 கார்டு நிற்கும்!

சரியாக அளந்து அதே அளவில் அச்சிட்டால் என்ன ஆகும்? உள்ளே போகாது! ட்ரேக்கும் ட்ரேக்கும் நடுவே அரை மி.மீ. காற்று விட வேண்டும். அதற்கு மேல் விட்டால் லொடலொட என்று ஆடும். இந்த அரை மி.மீ.தான் மொத்த வித்தையும்!

இனி வருவதுதான் உச்சம்! கார்டு தேயாமல் இருக்கப் பலரும் பிளாஸ்டிக் உறை போடுகிறார்கள். ஒரு கார்டின் கனம் 0.3 மி.மீ. நல்ல உறையின் தாள் 0.1 மி.மீ. முன்னும் பின்னும் சேர்த்தால் 0.2. கண்ணுக்கே தெரியாத கனம் என்றுதானே தோன்றுகிறது? 100 கார்டு அடுக்குங்கள். 3 செ.மீ. இருந்தது 5 செ.மீ. ஆகிவிடும்! 1,500 கார்டுக்கும் போட்டால் கூடுவது 30 செ.மீ.! பெட்டியின் மொத்த உயரமே 20 செ.மீ.க்குள்தான்! பெரிய கார்டின் அகலமும் 63-லிருந்து 66 மி.மீ. ஆகிவிடும். அதனால்தான் கெட்டிக்கார டிசைனர்கள் உறை போட்டவருக்கு ஒன்று, போடாதவருக்கு ஒன்று என இரண்டு கோப்பு தருகிறார்கள்!

இதற்குக் கணினியில் கோடு இழுக்கக்கூட வேண்டாம்! ஓப்பன்ஸ்கேட் என்ற இலவச மென்பொருளில் அளவுகளை எழுதினாலே போதும். ட்ரே தானாக உருவாகும். 63 என்பதை அழித்து 66 என்று அடியுங்கள். எல்லா அறையும் நொடியில் அகலமாகும்!

கார்டு அறையின் ஓரத்தில் அரைவட்டமாக ஒரு வெட்டு. விரல் நுழைய! அது இல்லாவிட்டால் பெட்டியைக் கவிழ்த்துத்தான் கார்டை எடுக்க வேண்டும்!

வில்லைகள் போடும் அறையின் அடிப்பக்கம் தட்டையாக இருக்கவே கூடாது! அஞ்சறைப் பெட்டிக் கிண்ணம் மாதிரி வளைந்திருந்தால், ஒரே வழிப்பில் கடைசி வில்லையும் விரலோடு வந்துவிடும்!

சுவரில் தேன்கூடு போல ஓட்டைகள் பார்த்திருக்கிறீர்களா? அழகுக்கு மட்டும் அல்ல. பெரிய வட்ட ஓட்டை என்றால் அச்சிடும்போது மேல் வளைவு தாங்கலில்லாமல் தொங்கிவிடும். கூர்முனை மேலே பார்த்த அறுகோணமோ முட்டு இல்லாமலே நிற்கும். இழையும் மிச்சம்!

இந்த விளையாட்டில் ரகசியம் வேறு! 17 நாயகர்களில் 6 பேர்தான் தொடக்கத்தில் வருவார்கள். மற்ற 11 பேரும் மூடிய பெட்டிக்குள்! திறக்க மாதக்கணக்கில் ஆகலாம். எனவே ட்ரேயில் நாயகன் பெயரைப் பொறிக்கவே கூடாது. சூரியன், மூன்று ஈட்டி என்று வெறும் சின்னங்கள்தான்! வீட்டுக்கு வந்து ட்ரேயைத் திறந்து பார்க்கும் நண்பருக்குக்கூட ஒன்றும் புரியாது. எவ்வளவு அருமையான கட்டுப்பாடு!

ரசிகர்கள் ட்ரேக்கு வைக்கும் பரீட்சை என்ன தெரியுமா? பெட்டியின் மூடி முழுசாக இறங்க வேண்டும்! உறை போட்ட கார்டுகளோடு மூடி 1 செ.மீ. தூக்கி நின்றாலும் பலர் மன்னித்துவிடுகிறார்கள். நான் மன்னிக்க மாட்டேன். இடுக்கே தெரியாமல் மூடி உட்கார வேண்டும்!

கடைசியாக ஒரு எச்சரிக்கை. பி.எல்.ஏ. 60 டிகிரி செல்சியஸில் இளகத் தொடங்கும். சித்திரை வெயிலில் பூட்டிய காரில் விட்டுவிட்டுப் போனால் சுவர்கள் வளைந்துவிடும்! விளையாட்டை ஊர் ஊராகத் தூக்கிப் போகிறவரா? பி.இ.டி.ஜி. இழையில் அச்சிடுங்கள். அது இளக 80 டிகிரி வேண்டும்!