நெல்லிக்கு இன்னொரு நெல்லி வேண்டும்

புதுச்சேரி நெல்லித்தோப்பில் இப்போது தோப்பைத் தேட முடியாது. வீடும் கடையும் நெருக்கியடிக்கும் நகர்ப்பகுதி அது. நெல்லிக்காய் வேண்டுமானால் தள்ளுவண்டிக்குத்தான் போக வேண்டும். அங்கே குவிந்திருக்கும் காய்கள் எலுமிச்சை அளவுக்குப் பருத்திருக்கும். மலையில் பொறுக்கும் காட்டு நெல்லியோ கோலிக்குண்டு போலச் சிறுத்தது. இரண்டும் ஒரே இனம்தான் என்றால் நம்பக் கஷ்டமாக இருக்கும்.

பெரிய காய் வேண்டுமென்று அதன் விதையைப் போட்டால் போதாது. நெல்லிக்குத் தன் மகரந்தம் பெரும்பாலும் ஒத்துக்கொள்வதில்லை. ஆகவே பெரும்பாலான விதைகளுக்கு அப்பன் வேறு மரம். விதை போட்டு வளர்த்த கன்று தாயைப் போல இருக்காது. காய்ப்புக்கு வரவும் எட்டு, பத்து வருடம் பிடிக்கும்.

இதற்கு வழி, மொட்டு ஒட்டுவது. நல்ல தாய்மரத்தின் கிளையிலிருந்து ஒரு மொட்டை, விரல் நகம் அளவுள்ள பட்டையோடு உரித்தெடுக்கிறார்கள். பென்சில் பருமனுள்ள நாற்றின் தண்டில் அதே அளவுக்குப் பட்டையை நீக்கி, இதை அங்கே பொருத்தி, மொட்டு மட்டும் வெளியே தெரியும்படி பாலித்தீன் நாடாவால் இறுகச் சுற்றுகிறார்கள். உரித்த இடம் காய்வதற்குள் வேலை முடிய வேண்டும். சில வாரங்களில் மொட்டு பச்சையாகவே இருந்தால் ஒட்டுப் பிடித்துவிட்டது. நாற்றின் தலையை வெட்டிவிடலாம். இப்படி வளர்ந்த கன்று நாலைந்து வருடத்திலேயே காய்க்கும், அதுவும் தாய்மரத்தின் காயையே.

தாய்மரத்தைத் தேர்வதில்தான் ஆராய்ச்சியாளர்களின் பொறுமை தெரிகிறது. 'பிரான்சிஸ்' என்ற பழைய வட இந்திய ரகத்தில் காய் பெரிது. ஆனால் சதை உள்ளிருந்தே பழுப்பேறிக் கெட்டது. போரான் சத்துக் குறைவோடு தொடர்புள்ள கோளாறு அது. லிட்டருக்கு 6 கிராம் போராக்ஸ் கலந்து தெளித்தால் குறைந்தது. மருந்தோடு அவர்கள் நின்றுவிடவில்லை. பிரான்சிஸ் விதையில் முளைத்த கன்றுகளிலிருந்து, அந்தக் கோளாறு இல்லாத ஒன்றை ஃபைசாபாத் நரேந்திர தேவ் வேளாண் பல்கலைக்கழகத்தார் தேர்ந்தெடுத்தார்கள். அதுதான் என்.ஏ.-7. நம் பக்கத்துக்குப் பவானிசாகரிலிருந்து பி.எஸ்.ஆர்.-1 ரகம் வந்தது.

இத்தகைய அறிவு வயலுக்கு வந்து சேர ஒரு பாலம் வேண்டும். அந்தப் பாலம்தான் வேளாண் அறிவியல் நிலையம். நாட்டின் முதல் நிலையம் 1974இல் புதுச்சேரியில்தான் தொடங்கியது என்பதில் எனக்குத் தனிப் பெருமை.

உங்கள் வீட்டு நெல்லி பூத்துக் கொட்டியும் காய் பிடிக்கவில்லையா? ஆண் மரம் என்று வெட்டிவிடாதீர்கள். நெல்லியில் ஆண் பூவும் பெண் பூவும் ஒரே கிளையில்தான் பூக்கின்றன. பக்கத்தில் வேறு ரக ஒட்டுக்கன்று ஒன்றை நட்டுப் பாருங்கள்.