மனப்படகுக்கு எத்தனை சாண் தண்ணீர்?

மனத்துக்குள்ளேயே கட்டுவது திருநின்றவூருக்குப் பழைய பழக்கம். காஞ்சியில் பல்லவ மன்னன் கல்லால் கோயில் எழுப்பிக்கொண்டிருந்தபோது, கையில் காசில்லாத பூசலார் இங்கே உட்கார்ந்து நெஞ்சிலேயே ஒரு கோயில் கட்டி, குடமுழுக்குக்கு நாளும் குறித்தார் என்பது பெரியபுராணக் கதை. அவர் பெயரைச் சொல்லிக்கொண்டு நான் கட்டுவது ஒரு படகு. இரண்டு ஒல்லித் தோணிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நடுவே பாய் ஏற்றிய சின்னப் படகு. அது ஓட வேண்டிய இடம் எங்கள் மாவட்டத்துப் பழவேற்காடு ஏரி.

நிஜமாகவே வாங்கிவிடலாமே என்றால், 2011 கிறிஸ்துமஸ் நாளில் அங்கே சவாரி போன படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அதன்பின் உல்லாசச் சவாரிக்குத் தடை வந்தது. மனத்தில் ஓட்டத் தடையில்லை.

இந்த வகைப் படகை உலகம் ‘கேட்டமரான்’ என்கிறது. பெயர் நம்முடையது, பொருள் வேறு. கட்டுமரம் மரத்துண்டுகளை அடுக்கிக் கயிற்றால் இறுக்கிய ஒற்றை உடல். சோழமண்டலக் கரையில் கேட்ட அந்தச் சொல்லை வில்லியம் டாம்பியர் 1697இல் வந்த தன் பயண நூலில் அச்சேற்றினார். இரண்டு உடல்களை இடைவெளி விட்டுப் பிணைப்பதோ பசிபிக் தீவினரின் கைவண்ணம். எப்படியோ நம் சொல் போய் அவர்கள் படகில் ஏறிக்கொண்டது. அமெரிக்காவில் நத்தானியல் ஹெரெஷாஃப் 1876இல் அப்படியொரு படகைச் செய்து நியூயார்க் பந்தயத்தில் எல்லாரையும் முந்தினார். தோற்றவர்கள் ஆட்சேபித்தார்கள், அந்த வகையையே பந்தயத்திலிருந்து ஒதுக்கிவிட்டார்கள்.

பழவேற்காட்டின் சராசரி ஆழம் ஏறக்குறைய ஒரு மீட்டர்தான். நடுவே மணல்திட்டு, சேறு, கத்திபோல் நிற்கும் ஆளிப் படுகை. முகத்துவாரம் அடைபட்டால் ஆழம் இன்னும் குறையும். ஆகவே முதல் கேள்வி, படகு எவ்வளவு அமிழும்? படகு 150 கிலோ, ஏறும் இருவர் 130 கிலோ என்று வைப்போம். ஆர்க்கிமிடீஸ் கணக்குப்படி 280 லிட்டர் தண்ணீரை விலக்க வேண்டும். ஒவ்வொரு தோணியும் நாலரை மீட்டர் நீளம், கால் மீட்டர் அகலம் என்றால் இரண்டும் சேர்ந்து நீரில் பிடிக்கும் பரப்பு 2.25 சதுர மீட்டர். வகுத்தால் 12 சென்டிமீட்டர் சொச்சம்; அரைச் சாண்! அடிப்பகுதி பெட்டிபோல் இல்லாமல் குவிந்திருப்பதால் இன்னும் கொஞ்சம் கூடும். ஒரு சாணைத் தாண்டாது.

ஆழமில்லாத நீருக்கு இன்னொரு குணமும் உண்டு. அங்கே அலை ஓடும் வேகத்துக்கு ஓர் உச்சவரம்பு இருக்கிறது: ஆழத்தையும் புவியீர்ப்பு முடுக்கத்தையும் பெருக்கி வர்க்கமூலம் எடுக்க வேண்டும். ஒரு மீட்டர் ஆழத்தில் அது மணிக்குச் சுமார் 11 கிலோமீட்டர். அந்த வேகத்தை நெருங்கும் படகு தான் கிளப்பிய அலையைத் தானே முட்டித் திணறும், பின்பக்கம் அமிழும். கனமான அகலப் படகுக்கு இது பெரும் இடைஞ்சல். ஒல்லித் தோணி அலையையே குறைவாகத்தான் எழுப்புகிறது என்பதால் அதற்கு அவ்வளவு இல்லை.

ஆனால் மிதந்தால் மட்டும் போதாது. பக்கவாட்டில் வீசும் காற்று படகைத் தள்ளிக்கொண்டே போகும். அதைத் தடுக்க அடியில் ஒரு பலகையை இறக்குவது வழக்கம். பழவேற்காட்டில் அந்தப் பலகை முதலில் சேற்றையும் அடுத்து யாருடைய வலையையாவது கிழிக்கும். கலிபோர்னியாவில் அலைச்சறுக்குப் பலகை செய்துவந்த ஹோபி ஆல்ட்டர் 1970 வாக்கில் கொண்டுவந்த 5 மீட்டர் படகில் பலகையே கிடையாது. தோணியின் வெளிப்பக்கம் தட்டை, உள்பக்கம் வளைவு. காற்றில் சாயும்போது ஆழப் பதியும் தோணி, தண்ணீருக்குள் ஒரு விமான இறக்கைபோல் வேலைசெய்து படகைக் காற்றின் பக்கம் இழுக்கிறது. சுக்கான் தரையில் தட்டினால் தானாக மேலே மடங்கிக்கொள்ளும். நேராக மணலில் ஏற்றலாம்.

எனக்கு அதை ரொம்பப் பிடிக்கும். ஆனாலும் வேண்டாம்.

காரணம் கூட்டம். பழவேற்காட்டு மீனவர்களிடம் ‘பாடு’ என்றொரு ஏற்பாடு இருக்கிறது. எந்த நாளில் எந்த இடத்தில் யார் வலை போடுவது என்று முறைவைத்துப் பிரித்துக்கொள்வார்கள். கழி நட்டுக் கட்டும் சுத்து வலை, பாடி வலை, குறுக்கும் நெடுக்கும் பைபர் படகுகள். இந்த நெரிசலில் சட்டென்று திரும்பத் தெரிய வேண்டும். நீள இரட்டைத் தோணி அங்கேதான் மக்கர் செய்யும். காற்றுக்கு எதிராக மூக்கைத் திருப்பும்போது, எடை குறைவு என்பதால் வேகம் பாதியிலேயே செத்துவிடும்; பாய் படபடக்க, படகு பின்னோக்கி நகர ஆரம்பிக்கும். பின்னால் வலை. முன்பாய் இருந்தால், அதைப் பழைய பக்கத்திலேயே பிடித்துவைத்துக் காற்றைக்கொண்டு மூக்கைத் தள்ளவைக்கலாம். பாய்மரப் படகுக்கு இயந்திரப் படகு வழிவிட வேண்டும் என்று சொல்லும் 1972ஆம் ஆண்டின் சர்வதேச விதி, வலை போட்டு மீன்பிடிப்பவருக்குப் பாய்மரமும் ஒதுங்க வேண்டும் என்கிறது. சரியான விதி. அவருக்கு அது வயிறு, எனக்கு ஞாயிற்றுக்கிழமை.

சட்டென்று திரும்ப வேண்டுமே, எனவே நான் தேர்ந்தது ஹோபி நிறுவனத்தின் சின்னப் படகு, ‘வேவ்’. நீளம் 4 மீட்டர், எடை சுமார் 110 கிலோ. வார்த்த பாலிஎத்திலீன் உடல் ஆளி ஓட்டில் உரசினால் கீறல்தான் விழும், ஓட்டை விழாது. பாயின் அடியில் குறுக்குக் கட்டை இல்லாததால் திரும்பும்போது மண்டையில் அடிக்காது. பலகைக்குப் பதில் தோணியோடு சேர்ந்தே வார்த்த சின்ன அடித்துடுப்பு. ஒற்றைப் பாய், முன்பாயை நான் சேர்த்துக்கொள்கிறேன், மனப்படகுதானே.

ஒரு பயம் பாக்கி. இரண்டு தோணிக்கும் நடுவே உள்ள அகலம் இந்தப் படகைச் சாயவிடாது. அதையும் மீறிச் சாய்ந்தால் தலைகீழாகி, அந்த நிலையிலும் அதே பிடிவாதத்தோடு நிற்கும். ஒரு மீட்டர் தண்ணீரில் நீளப் பாய்மரம் முதலில் சேற்றில் குத்திக்கொள்ளும். அதற்காக மரத்தின் உச்சியில் காற்றடைத்த மிதவை ஒன்றைக் கட்டுகிறார்கள். அது படகைப் பக்கவாட்டிலேயே நிறுத்திவைக்கும், இருவர் ஏறி நின்று நிமிர்த்தலாம். என் மிதவைக்கு ஆரஞ்சு நிறம் பூசியிருக்கிறேன். வலைக்காரர் தூரத்திலேயே பார்த்துத் திட்ட ஆரம்பிக்கட்டும்.