வேலை மாறும் வயது – 9: கன்சல்டன்டுக்குக் காசு கொடுப்பது யார்?

போன வாரம் துறை மாறத் துணிந்தவர்களைப் பற்றி எழுதினேன். படித்துவிட்டுக் கூப்பிட்டவர்களில் பலர் கேட்டது ஒன்றுதான்: "நல்ல கன்சல்டன்ட் யாராவது இருந்தா சொல்லுங்க சார்." சொல்கிறேன். அதற்கு முன்னால் ஒரு கணக்குப் பார்த்துவிடுவோம்.

கிண்டியிலும் தியாகராய நகரிலும் 'ஜாப் கன்சல்டன்சி' என்று போர்டு வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் கம்பெனிகளுக்கு ஆள் பிடித்துக் கொடுப்பவர்கள். அவர்களுக்குப் படியளப்பது கம்பெனிதான். சேர்ந்தவரின் வருடச் சம்பளத்தில் 8.33 சதவீதம், அதாவது ஒரு மாதச் சம்பளம், இந்தத் தொழிலில் வெகுநாளாகப் புழங்கும் ரேட். சேர்ந்தவர் சில மாதங்களில் நின்றுவிட்டால் இன்னொரு ஆளைச் சும்மா பிடித்துத் தர வேண்டும் என்றும் ஒப்பந்தம் போட்டிருப்பார்கள். பத்து வருடம் பிரேக் லைனிங் பார்த்தவரை இன்னொரு பிரேக் லைனிங் கம்பெனிக்கு அனுப்பினால் காசு நிச்சயம். அவரை மருந்துக் கம்பெனிக்கு அனுப்பி ரிஸ்க் எடுக்க அவர்களுக்கு என்ன தலையெழுத்து? துறை மாற நினைப்பவரின் போனை எடுக்காமல் விடுவதில் வன்மம் ஒன்றும் இல்லை, வியாபாரம்தான்.

நம்மிடமே காசு வாங்கிக்கொண்டு வழி சொல்பவர்கள் வேறு ரகம். இந்தத் தொழிலுக்கு வித்திட்டவர் ஃபிராங்க் பார்சன்ஸ். 1908-ல் பாஸ்டன் நகரில் வேலை வழிகாட்டி நிலையம் ஒன்றைத் தொடங்கியவர். அதே வருடம் இறந்தும் போனார். அவர் எழுதிய புத்தகம் மறு வருடம்தான் அச்சில் வந்தது. இன்ஜினீயர், இரும்பு உருட்டாலைத் தொழிலாளி, பள்ளி ஆசிரியர், வக்கீல் என்று அவரே துறை துறையாக மாறியவர் என்பதுதான் எனக்குப் பிடித்த தகவல். உன்னைத் தெரிந்துகொள், தொழிலைத் தெரிந்துகொள், இரண்டையும் பொருத்திப் பார் என்பதே அவர் முறை. முடிவெடுக்க வேண்டியது வந்தவரே என்பதில் கறாராக இருந்தார்.

இன்று அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்களில் பலர் ரெஸ்யூமேக்குக் கலர் அடித்துத் தருகிறார்கள். இல்லையென்றால் குணச்சோதனை வைத்து நாலு எழுத்தில் ஜாதகம் எழுதுகிறார்கள். அந்த நாலு எழுத்தைத் தரும் மையர்ஸ் பிரிக்ஸ் சோதனையை வைத்து ஆள் எடுக்கக் கூடாது என்று அதை விற்கிறவர்களே சொல்கிறார்கள். அப்புறம் அதற்கு எதற்குத் தனிக் கட்டணம்?

காசுக்கு வேலை பார்த்த ஒருவரையும் சொல்ல வேண்டும். 2021 செப்டம்பரில் ஃபோர்டு இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது. மறைமலைநகர் ஆலை மறு வருடம் ஓய்ந்தது. ஒரகடம் பக்கம் உதிரி பாகம் செய்யும் கம்பெனியில் குவாலிட்டி இன்ஜினீயராக இருந்த நண்பருக்கு அப்போதே வயிற்றில் புளி கரைக்கத் தொடங்கியது. மருத்துவக் கருவி தயாரிக்கும் பக்கம் போய்விட வேண்டும் என்று ஆசை. ரெஸ்யூமே முழுக்க பிபிஏபி, எய்ட் டி, ஐஏடிஎஃப் 16949. எல்லாம் கார் உலகத்துப் பாஷை. அனுப்பிய இடத்திலிருந்தெல்லாம் பதிலே இல்லை.

அவர் பிடித்த கன்சல்டன்ட், மருத்துவக் கருவி ஆலை ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மூன்று அமர்வுக்கு 15,000 ரூபாய். முதல் நாள் ரெஸ்யூமேயைத் தொடவே இல்லையாம்.

"கஸ்டமர் திருப்பி அனுப்பின லாட் ஒண்ணு சொல்லுங்க தம்பி."

நண்பர் ரப்பர் சீல் கதையைச் சொல்லியிருக்கிறார். மோல்டின் எந்தக் குழியில் விரிசல் என்று நம்பரை வைத்துப் பிடித்தது, அந்தக் குழியில் வந்த சரக்கு எந்தெந்தப் பெட்டியில் போனது என்று தேடித் தனியே ஒதுக்கியது, திரும்ப வராமலிருக்கச் செய்த ஏற்பாடு எல்லாவற்றையும்.

"இதைத்தான் எங்க தரச் சான்று ஐஎஸ்ஓ 13485-க்கு வர்ற ஆடிட்டர் எங்ககிட்ட கேட்பான். எங்க ஊர்ல பெட்டியைத் தேடிப் பிடிச்சதுக்குப் பேரு டிரேசபிலிட்டி, திரும்ப வராம பண்ணதுக்குப் பேரு காப்பா. உங்க ரெஸ்யூமேல இது எங்கே இருக்கு?"

எங்கேயும் இல்லை.

எங்கே எப்படிப் பழுது வரும் என்று முன்கூட்டியே அலசும் எஃப்எம்இஏ தெரிந்தவருக்கு இடர் மேலாண்மைக்கான ஐஎஸ்ஓ 14971 படிக்கக் கஷ்டம் இருக்காது என்றும், ஸ்டெரிலைசேஷன் பற்றி ஒன்றுமே தெரியவில்லை, முதலில் அதைப் படியுங்கள் என்றும் சொல்லியிருக்கிறார். ஆரம்பத்தில் சம்பளம் குறையும் என்பதையும் மறைக்கவில்லை. கார் கம்பெனியிலிருந்து அந்தப் பக்கம் போன இரண்டு பேரின் போன் நம்பரை, அவர்களிடம் கேட்டுவிட்டு, கொடுத்தார். வேலை வாங்கித் தருகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதற்காகவே அவர் மேல் எனக்கு மரியாதை. நண்பர் இப்போது ஊசிக் குழாய் செய்யும் ஆலையில் இருக்கிறார். பழைய சம்பளத்தை எட்டிப் பிடிக்கக் கொஞ்ச காலம் ஆனது.

ஆகவே காசு கட்டும் முன் நேராகவே கேளுங்கள்: நான் போக நினைக்கிற துறையில் நீங்கள் வேலை பார்த்திருக்கிறீர்களா? உங்களிடம் வந்து துறை மாறிய ஒருவரிடம் நான் பேச முடியுமா? வேலை கிடைப்பது நிச்சயம், டெபாசிட் மட்டும் கட்டுங்கள் என்று பதில் வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். அப்படிக் கட்டிவிட்டு ரசீதோடு நிற்பவர்கள் இருந்தால் ஆசிரியர் குழு முகவரிக்கு எழுதுங்கள். அந்தப் பணத்தைத் திரும்பக் கேட்பது எப்படி என்று அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)